பள்ளியையே நிற்கவைத்த விரல்

மகளே, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. முக்கியமாக உன் தாத்தாவிடம் காட்டாதே. நீ இதைப் படிக்கும்போது அவர் கிழவராகியிருப்பார். உன்னைத் தோளில் வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போயிருப்பார், தக்காளித் தோட்டத்து வரப்பில் உன் பின்னாலேயே நடந்திருப்பார். அவரைப் பற்றி உன் மனதில் ஒரு நல்ல உருவம் இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினேழு வயதுதான். ப்ளஸ் டூ படிக்கிறேன். பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவள் பைத்தியம் என்று என் தோழி பர்வீன் சொல்வாள். ஆனால் ஒருநாள் நீயும் வளர்ந்து, வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணத்துக்கோ இந்த வீட்டைவிட்டுக் கிளம்புவாய். அன்றைக்கு ஓர் அம்மா சொல்ல வேண்டியது சில இருக்கும். அதை நான் அன்று சரியாகச் சொல்வேனா தெரியாது. என் அம்மா எனக்குச் சொல்லவில்லை. அம்மாவும் பத்தாவது முடித்த கையோடு கல்யாணம் ஆனவள். அப்போது பயமாக இருந்ததா என்று கேட்டால், "அதெல்லாம் ஆருக்கு நெனப்பிருக்குது, போ" என்பாள். பயம் போன பிறகு பயந்ததே மறந்துவிடும் போலிருக்கிறது. அதனால்தான் பயம் இருக்கும்போதே எழுதுகிறேன். அப்பா வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அம்மா உள்ளே தூங்குகிறாள், அல்லது தூங்குகிற மாதிரி இருக்கிறாள். நான் சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழே எரிகிற சின்ன சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விடிந்ததும் இண்டூர்ப் பக்கத்திலிருந்து எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் கல்யாணப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் பெண் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் எங்கள் பள்ளிக் கீபோர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெகுகாலமாகப் பீரோவின் மேல் பழைய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. இசைக்கென்று எங்கள் பள்ளியில் ஆசிரியர் கிடையாது. இந்த வருஷம் தமிழ் மிஸ் பள்ளிக்கென்று ஒரு பாட்டு எழுதி, ஆண்டு விழாவில் அதை எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டும் என்று முடிவு செய்தார். "கீபோர்டு வாசிக்கத் தெரிஞ்சவ எவளாச்சும் இருக்கீங்களாடி?" என்று வகுப்பில் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்வீன் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"இவளுக்குத் தெரியுங்க மிஸ்."

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க மிஸ்!"

"தெரிஞ்சவ எதுக்குக் கத்துக்கப்போறா? தெரியாதவதான் கத்துக்கணும். சாயங்காலம் வந்து துப்பட்டாவ எடுத்துத் தூசி தட்டு," என்று மிஸ் சொல்லிவிட்டார்.

பர்வீனின் அப்பாவுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே தையல்கடை. அவள் அண்ணனின் உடைந்த போன் ஒன்று அவளிடம் உண்டு. அதில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். அவள் பார்த்துச் சொல்வாள், நான் அமுக்குவேன். முதலில் கற்றது சி மேஜர் கார்டு, நான்கு கட்டையைச் சேர்த்து அமுக்குவது. கட்டை விரல் சியில், அப்புறம் ஈ, ஜி, சுண்டு விரல் மேலே அடுத்த சியில். எல்லாம் வெள்ளைக் கட்டைகள். ஆனால் எங்கள் கீபோர்டில் அந்த மேல் சி செத்துப்போயிருந்தது. அமுக்கினால் கட்டை கீழே போகும், சத்தம் வராது. நான் ஒவ்வொரு தடவையும் அதை அமுக்கிவிட்டு ஏமாந்துபோவேன். ஒருநாள் சுண்டு விரல் ஒரு கட்டை இடது பக்கம் சறுக்கி, பியில் விழுந்துவிட்டது.

மகளே, அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல என்னால் முடியாது. சந்தோஷமா என்றால் சந்தோஷம் இல்லை, அழுகை என்றாலும் அழுகை இல்லை. பர்வீன் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். "ஏய், இன்னொருக்கா அமுக்கு," என்றாள். அமுக்கினேன். பிறகு நான்கு எழுத்தையும் போனில் தட்டித் தேடினாள். "இதுக்குப் பேரு மேஜர் செவன்த்தாம். ஏதோ பஸ்ஸு நம்பர் மாதிரி இருக்குது பாரு," என்றாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். அன்று முழுக்க வேறெதையும் நான் வாசிக்கவில்லை.

உனக்கும் அதைச் சொல்லித் தருகிறேன். ஒன்று விட்டு ஒன்றாக வெள்ளைக் கட்டைகளை அமுக்கு: சி, ஈ, ஜி, பி. நம் பாட்டுக் கணக்கில் ஸ, க, ப, நி. எஃபில் தொடங்கி அதேபோல் ஒன்று விட்டு ஒன்றாக அமுக்கினாலும் மேஜர் செவன்த் வரும். ஜியில் தொடங்கினால் வராது. அங்கே கடைசிக் கட்டை அரைப்படி குறைந்து நிற்கும், அதைப் பக்கத்திலுள்ள கறுப்புக் கட்டைக்கு ஏற்ற வேண்டும். இந்த நான்கில் முதலாவதும் கடைசியும்தான் சூட்சுமம். பியையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற மேல் சியையும் சேர்த்து அமுக்கிப் பார், பல் கூசும். இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். அதே சியைக் கீழே தள்ளிவைத்து, நடுவில் ஈயையும் ஜியையும் உட்காரவைத்தால் அந்த உரசல்தான் இனிப்பாகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு நான் என்னையும் அப்பாவையும் நினைத்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த கட்டைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழ் சியை இடது கையிடம் கொடுத்துவிடு. வலது கையில் மிஞ்சுவது ஈ, ஜி, பி. அதைத் தனியாக வாசித்தால் அது ஈ மைனர், துக்கமான கார்டு. அதையே வாசித்துக்கொண்டிருக்கும்போது இடது கையால் கீழே ஒரு சியை மெதுவாக வை. வலது கை ஒரு விரலைக்கூட மாற்றாது. ஆனால் துக்கம் வேறு ஏதோ ஒன்றாகிவிடும். துக்கம் போய்விடாது, அதற்கு உட்கார ஓர் இடம் கிடைத்துவிடும்.

அம்மாவுக்கு ஒருநாள் இதை வாசித்துக் காட்டினேன். பர்வீன் வீட்டுக்கு வந்திருந்தாள், அவள் போனில் பியானோ மாதிரி ஒன்று இருந்தது. அம்மா குச்சிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் வெறும் சி மேஜரை அமுக்கினேன். "நல்லாத்தான் இருக்குது," என்றாள், தலை நிமிராமல். பிறகு செவன்த்தை அமுக்கினேன். கத்தி நின்றது.

"இது என்ன, பஸ்ஸு போனப்பறமும் ஸ்டாப்புலயே நிக்கற மாதிரி இருக்குது?"

"எந்த பஸ்ஸும்மா?" என்று கேட்டேன்.

"எந்த பஸ்ஸோ. காலையில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போவுமே, அது," என்று சொல்லிவிட்டு மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டாள். தனக்குக் கல்யாணம் பேசிய பிறகும் அம்மா சில நாள் அந்த பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. பர்வீன் போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போது ஆண்டு விழாவுக்கு வருகிறேன். அன்றைக்குத் தர்மபுரியிலிருந்து ஒலிபெருக்கிக்காரர்கள் நல்ல கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாக் கட்டையும் பேசுகிற கீபோர்டு. பந்தல் நிறையப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், மேடையில் விருந்தினர்கள். மிஸ் எழுதிய பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டு நன்றாகத்தான் போயிற்று. கடைசிக் கார்டில், முழு சி மேஜரில் முடிக்க வேண்டிய இடத்தில், என் சுண்டு விரல் பழைய பழக்கத்தில் பிக்குப் போய்விட்டது. செத்த கட்டையை ஒதுக்கி ஒதுக்கி வாசித்த விரல் அது. உயிருள்ள கட்டை பக்கத்திலேயே காத்திருந்தது விரலுக்குத் தெரியவில்லை. பயிற்சியின்போதெல்லாம் பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள், கடைசிக் கார்டை யாரும் கேட்டதேயில்லை. அன்றைக்கு அது பெரிய ஒலிபெருக்கிகளில் ஊருக்கே கேட்டது. அமுக்கிப் பிடித்திருக்கும்வரை ஒலிக்கிற ஆர்கன் சத்தம் வேறு.

யாரும் உட்காரவில்லை. பாட்டு முடிந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் முடியவில்லை என்று காது சொன்னது போலிருக்கிறது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, வாய் பாதி திறந்தபடி நின்றார்கள். பின்வரிசையில் யாரோ, "மெஷினு மாட்டிக்கிச்சா?" என்றார். நான் உடனே விரலை நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் நான் சொல்லி யாரும் உட்கார்ந்ததுமில்லை, நின்றதுமில்லை. அன்றைக்கு ஒரு பள்ளியே என் சுண்டு விரலுக்காக நின்றது. மேடை ஓரத்திலிருந்து தமிழ் மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "அடியே, முடிச்சுத் தொலைடி, கெஸ்ட்டுக்கு முட்டி வலிக்குது," என்றார். நான் விரலை ஒரு கட்டை வலது பக்கம் நகர்த்தினேன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் இண்டூர்ப் பக்கத்து அத்தை ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், அக்கா முறை. எல்லோரும் பாட்டு எப்போது முடியும் என்று மேடையைப் பார்த்தபோது அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் மகனுக்கு டிராக்டர் இருக்கிறது, கிணறு வற்றாது, புளியந்தோப்பு இருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தம்பி, நான் ஒளிக்காம சொல்றன். புள்ள மேடையில நின்னு அத்தன பேரையும் நிறுத்தி வெச்சிட்டா. அழகாத்தான் இருந்துது. ஆனா மேடை ஏறின காலு ஒரு எடத்துல நிக்காது. ஊரு கண்ணு படறதுக்குள்ள கையில புடிச்சுக் குடுத்துரு."

"பரீச்ச முடியட்டுங்க்கா," என்று அப்பா ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவை.

"பரீச்ச எழுதி கலெக்டராவா ஆவப்போறா? எங்கூட்டுல வந்து படிக்கட்டுமே, ஆரு வேணாம்னது?" என்று அத்தை சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

உன் தாத்தாவைத் தப்பாக நினைக்காதே. அவர் என்னை அடித்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாப்பா, எனக்குத் தூக்கமே வர்றதில்ல. நீ பஸ்ஸுல வந்து எறங்கற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கறன். காலம் கெட்டுக் கெடக்குது. ஒரு நல்ல எடத்துல வெச்சிட்டன்னா நான் தூங்கிருவன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் பயம், எனக்கும் பயம். அவருடைய பயத்துக்கு மருந்தாக என்னைக் கொடுக்கப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மகளே, இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நம் வீடுகளில் பெண் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு பல நாள் அந்தக் கார்டையே திட்டிக்கொண்டிருந்தேன். விரல் சரியான கட்டைக்குப் போயிருந்தால் எல்லோரும் உடனே உட்கார்ந்திருப்பார்கள், அத்தை என்னைப் பார்த்திருக்க மாட்டாள், நான் மார்ச்சில் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன். கீபோர்டை மறுபடி துப்பட்டா போர்த்திப் பீரோ மேல் ஏற்றிவிட்டேன். பர்வீன்தான் சண்டைக்கு வந்தாள். "கார்டு என்னடி பண்ணுச்சு உன்னைய? அந்தம்மா உன்னைப் பாத்தா, அதுக்கு நீ வாசிச்சது தப்பாயிருமா? அப்ப எங்கப்பா தெச்சுக் குடுத்த சுடிதாரும் தப்பு, உன் மூஞ்சியும் தப்பு. எல்லாத்தையும் துப்பட்டா போட்டு மூடி வையி," என்றாள்.

இன்றைக்குச் சாயங்காலம் அவள் போனை என் கையில் வைத்தாள். எங்கள் பள்ளிச் சுவரில் பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிட ஓர் இலவச எண் பெரிதாக எழுதியிருக்கும். மூன்று வருஷமாக அதன்மேல் சாய்ந்து நின்று மாங்காய் தின்றிருக்கிறோம். தையல்கடைக்குப் பின்னால் நின்று அந்த எண்ணை அழுத்தினேன். ஓர் அக்கா பேசினார். பெயர், வயது, ஊர், பள்ளி எல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு, "கல்யாணம் உனக்கு வேணுமா வேணாமா, நீயே சொல்லு கண்ணு," என்றார்.

"படிக்கணுங்க," என்றேன்.

"சரி, படிக்கணும். கல்யாணம்?"

"பரீச்ச இருக்குதுங்க."

"அது புரியுது கண்ணு. நான் கேக்கறது வேற." அவர் அவசரப்படுத்தவில்லை. காத்துக்கொண்டிருந்தார். கடைக்குள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பர்வீன் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"வேணாங்க," என்றேன்.

"காலையில நாங்க வருவோம். வந்து உங்கப்பா அம்மா முன்னாடி இதையேதான் உன்கிட்ட கேப்போம். அப்பவும் இதையே சொல்லணும். சொல்லுவியா?"

சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. போன வருஷம் பக்கத்து ஊரில் எங்கள் பள்ளி அக்கா ஒருத்தியும் இப்படித்தான் போன் செய்தாள். அதிகாரிகளின் ஜீப் வந்தது. அவள் அப்பா ஒன்றும் திட்டவில்லை, மிரட்டவில்லை, அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். அவள், "நான் போன் பண்ணலீங்க, ஆரோ வெளையாட்டுக்குப் பண்ணியிருக்காங்க," என்று சொல்லிவிட்டாள். ஜீப் திரும்பிப்போய்விட்டது. இப்போது அவளுக்கு ஒரு குழந்தை. சந்தைக்கு வந்தால் எங்களைப் பார்க்காத மாதிரி போய்விடுவாள். என் அப்பாவும் கும்பிட்டால் நான் என்ன செய்வேன்? திட்டினால் தாங்கிவிடுவேன். அந்தக் கைகளில் குச்சிக்கிழங்குக் காட்டு மண் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

இவ்வளவு நேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பந்தலில் நின்ற நேரம் மட்டும்தான். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்களை உட்காரவைக்க ஒரு விரலை ஒரு கட்டை நகர்த்தினால் போதும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், அது சுலபமும்கூட. அந்தப் பக்கத்து ஊர் அக்காவும் அப்படித்தான் நகர்த்திவிட்டாள். எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். நாளைக்கு நான் விரலை நகர்த்தக் கூடாது. கேட்கிறவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பாட்டு முடியாமல் தொங்குகிற மாதிரி இருக்கும். அத்தை எழுந்து போய்விடுவாள், ஊர் பேசும், அப்பா எத்தனை நாள் என் முகத்தைப் பார்க்க மாட்டாரோ. இருக்கட்டும். இடது கையில் கீழே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்று தோன்றுகிறது. அவள் பேச வேண்டாம், நின்றால் போதும். ராத்திரி படுக்கப் போகும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது, கிழங்கு உரிக்கும்போது நின்ற மாதிரியே. "பஸ்ஸுக்கு எத்தன மணிக்குப் போவணும் நாளைக்கு?" என்று கேட்டாள். "எட்டேகாலுக்கும்மா," என்றேன். "சீருடைய அலசிக் காயப்போட்டுட்டன்," என்று சொல்லிவிட்டுப் பின்னலை முடித்தாள்.

மகளே, உனக்கு என்ன புத்தி சொல்வது? உன்னிடம் நான் ஏதாவது கேட்டு நீ பேசாமல் இருந்தால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீ வாயைத் திறந்து சொல்லும்வரை காத்திருப்பேன், அந்த போன் அக்கா காத்திருந்த மாதிரி. என் பயம் அடங்குவதற்காக உன்னை எங்கேயும் கொடுக்க மாட்டேன். எனக்குத் தூக்கம் வராவிட்டால் விழித்துக்கொண்டிருப்பேன். உனக்கு யார் வந்து எவ்வளவு அழகாகச் சொன்னாலும் உன் பாட்டை அவர்கள் உட்காருவதற்காக முடிக்காதே. முடிக்க வேண்டிய நேரம் உனக்கே தெரியும், அப்போது நீயாகவே நகர்த்து. நானும் ஒருநாள் நகர்த்துவேன். இல்லாவிட்டால் நீ எங்கிருந்து வருவாய்? ஆனால் நாளைக்கு

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம். விடிந்ததையே நான் கவனிக்கவில்லை. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, "ஆருங்க?" என்கிறார். ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்கிறது, இனிஷியலோடு, பள்ளியில் கூப்பிடுகிற மாதிரி. அம்மா எழுந்து வந்து சமையலறை வாசலில் நிற்கிறாள். இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். ராத்திரி பின்னிவிட்ட என் பின்னலைச் சரிசெய்து முதுகில் விடுகிறாள். கதவைத் தட்டுகிறார்கள். நான்தான் திறக்க வேண்டும். திறந்ததும் அப்பாவின் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து